கம்பளிக் குல்லா போட்ட மட்டை

1

இந்தக் கதை என் கைக்கு வந்தது உக்கடம் பஸ் ஸ்டாண்டில், பொள்ளாச்சி பஸ்ஸின் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே. நானாக உண்டாக்கியது இல்லை. பாதியை ஒருவர் கொடுத்தார், மீதியை நான் எழுதப் பார்க்கிறேன். எது எந்தப் பாதி என்பதை மறைக்க மாட்டேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவனுக்கு எந்தச் சரக்கு எந்த லாரியில் வந்தது என்று சொல்லிவிடுவது பழக்கம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஐப்பசி மழை விட்ட ஒரு மாலையில்—"

மழை விடவில்லை. தூறிக்கொண்டேதான் இருந்தது. அடித்துவிட்டேன்.

"சுப்பண்ணன் என்றொரு ஏழைத் தொழிலாளி—"

இதையும் அடித்துவிட்டேன். என்னைப் பற்றி யாராவது எழுதி, இப்படித் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். அவர் அன்று தேய்த்த சட்டை போட்டிருந்தார்.

ஆகவே பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். வருஷம் தொண்ணூற்றொன்பது. எனக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், ஐம்பதை நெருங்கும் ஒருவர். மடியில் நீளமாக ஒரு மட்டை. அதன் தலைக்கு மஞ்சள் நிறத்தில் கைக்குழந்தையின் கம்பளிக் குல்லா, உச்சியில் குஞ்சம், கழுத்தில் முடிச்சு. பிள்ளை ஒன்று மடியில் தூங்குகிறது என்று நினைத்து நான் சற்று ஒதுங்கி உட்கார்ந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ஒல்லியாக இன்னொருவர் நனைந்துகொண்டு நின்றார். உள்ளே இருந்தவர் யூரியாச் சாக்கில் சுற்றிய இரண்டாவது மட்டை ஒன்றைக் கம்பிகளுக்கு இடையே நீட்டினார். வெளியே நின்றவர் வாங்கிக்கொண்டு சொன்னார்:*

"உங்க முட்டியையும் என்ற இடுப்பையும் சேத்து வெச்சா ஒரு முழு ஆளு தேறுமுங்ணா. கமிட்டிக்காரங்ககிட்ட அப்பிடியே சொல்லிப் பாக்கலாமா?"

"ஸ்டூலு ஒண்ணுதானுங்க ரசாக்கு" என்றார் உள்ளே இருந்த சுப்பண்ணன்.

பஸ் நகர்ந்தது. அந்த ஸ்டூல் யாருக்கு என்பதுதான் கதை.

(* முந்தின வருஷக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, உக்கடத்தில் கையில் இரும்போடு யார் நடந்தாலும் போலீஸார் நிறுத்திக் கேட்டார்கள். ரசாக்கை இரண்டு தரம் நிறுத்தியிருக்கிறார்கள். சுப்பண்ணனை யாரும் கேட்டதில்லை. அதனால் சூலூரிலிருந்து இதுவரை இரண்டையும் சுப்பண்ணனே சுமந்து வந்து, ரசாக்கின் சந்துக்குப் பக்கத்தில் கொடுத்துவிடுவார். மட்டைக்குக் குல்லா போட்டா உட்டுடறாங்க, மனுசனுக்குப் போட்டாத்தான் கேள்வி என்று ரசாக் சொல்வாராம். இதைச் சொன்னபோது சுப்பண்ணன் சிரிக்கவில்லை.)

2

சூலூர் தாண்டி, மில் முதலாளிகள் சேர்ந்து வைத்திருக்கும் கோல்ப் மைதானம் ஒன்று. சுப்பண்ணனும் ரசாக்கும் அங்கே பை தூக்குகிறவர்கள். பை என்றால் ஆள் உயரத்தில் முக்கால் இருக்கும் தோல் பை, அதில் பதினாலு மட்டை. முதலாளி பந்தை அடித்துவிட்டுக் கை வீசி நடப்பார். பை பின்னாலேயே போகும். சுப்பண்ணனுக்கு வலது முட்டி படியில் இறங்கும்போது கதவுத் தாழ் மாதிரி கிறீச்சிட ஆரம்பித்திருந்தது. ரசாக்குக்கு இடுப்பு. குனிந்தால் நிமிர்வதற்கு நேரம் கேட்கும்.

அங்கே குழி இருக்கும் இடம் புல் அல்ல, மணல் வட்டம். எரிந்துபோன என்ஜின் ஆயிலை மணலில் கலந்து கெட்டித்துப் பரப்பியிருப்பார்கள். தண்ணீர் பஞ்சமான மண்ணில் புல்லை எங்கே வளர்ப்பது? ஆனால் அந்த வருஷம் கமிட்டிக்குப் புல் ஆசை வந்துவிட்டது. போர் போட்டார்கள், மோட்டார் அறை கட்டினார்கள். மோட்டாரைப் போட்டு நிறுத்தி, தண்ணீர் திருப்பிவிட நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். மாதச் சம்பளம். தோளில் எதுவும் ஏறாது. அறையில் சுவிட்சுக்குக் கீழே ஒரு ஸ்டூல் கிடந்தது.

சுப்பண்ணன் அந்த ஸ்டூலைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார். மரம்தான். ஒரு கால் கொஞ்சம் குட்டை. கீழே அட்டை மடித்து வைத்தால் சரியாகிவிடும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு முதலாளியும் தன் பைக்காரருக்கே அந்த வேலை என்று சொல்ல, கமிட்டி தப்பித்துக்கொள்ள வழி தேடியது. வருஷத்துக்கு ஒரு நாள் பைக்காரர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ள மைதானத்தைத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. பதினாலு மட்டை கிடையாது. ஆளுக்கு ஒரே மட்டை, அதுவும் தன் முதலாளியிடம் இரவல். அந்த ஒன்றை வைத்துத்தான் தூர அடியும் கிட்ட அடியும், மணலில் உருட்டுவதும். இந்தத் தடவை ஒன்பது குழியையும் குறைந்த அடியில் முடித்து ஜெயிக்கிறவனுக்கே மோட்டார் அறை என்று பலகையில் எழுதிப் போட்டார்கள்.

ஆக, எந்த மட்டையை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது பைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். பதிலும் தெரியும். ஏழாம் நம்பர் அயர்ன். தகடு மாதிரி முகம் கொண்ட இரும்பு மட்டை. வெகுதூரம் போகாது, ஆனால் எந்த இடத்திலும் மோசம் செய்யாது. ரசாக் தன் முதலாளியிடம் அதைத்தான் நேராகக் கேட்டு வாங்கி வந்தார்.

3

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குச் சுப்பண்ணன்மேல் சந்தேகம் வந்தது. நடந்ததைக் கேளுங்கள்.

அவருடைய முதலாளி லட்சுமணசாமி காரின் டிக்கியைத் திறந்தார். பை படுத்திருந்தது. "எது வேணுமோ எடுத்துக்கோ சுப்பண்ணா" என்றார். மனசாரத்தான் சொன்னார். கிணத்துக்கடவிலிருந்து வரும் வழியெல்லாம் சுப்பண்ணன் ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்திருந்தார்: ஏழாம் நம்பர் குடுங்க. மூன்றே சொல். வாயைத் திறந்தார்.

"உங்களுக்கு எது வேண்டாமோ அது போதுங்க."

லட்சுமணசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. பைக்குள் அவருக்கு வேண்டாத ஒன்று நிஜமாகவே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மகன் அருண்குமார் வாங்கி வந்தது. ஒரு வாட்டி அடித்துப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டிருந்தார். தூர அடிக்கிற வுட்டுக்குத் தலை தேங்காய்மூடி அளவு இருக்கும். அயர்னுக்கு வெறும் தகடு. இதற்குத் தலை உருண்டையாக, ஆனால் சின்னதாக, பின்பக்கம் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி தள்ளிக்கொண்டு இருந்தது. தண்டின் நீளம் அயர்னைப் போல.

"வுட்டுமில்லே அயர்னுமில்லே. நம்ம ஹைபிரிட் தக்காளியாட்டன்னு வெச்சுக்கோ" என்று சொல்லிக் கையில் கொடுத்து டிக்கியை மூடினார்.

சுப்பண்ணனுக்கு ஹைபிரிட் தக்காளியைத் தெரியும். ஒரு போகம் போட்டிருக்கிறார். தோல் தடிப்பு, லாரியில் கொட்டினாலும் நசுங்காது. ரசம் வைத்தால் புளியைக் கூடப் போட வேண்டும்.

இப்போது என் சந்தேகம். இவ்வளவு வேண்டியிருக்கிற ஒரு மனிதன் இப்படிச் சொல்வானா? பஸ்ஸிலேயே கேட்டேன். அவர் குல்லாவின் குஞ்சத்தைத் திருகிக்கொண்டு, "வாய் பழகிப்போச்சுங்க" என்றார். ஆட்டைக்கூட அக்கட்ட போங்க என்றுதான் விரட்டுவாராம்.

வேறு ஊர்க்காரர்கள் நம்பமாட்டார்கள் என்று இந்த இடத்தை மாற்றிப் பார்த்தேன். லட்சுமணசாமியைக் கஞ்சனாக்கினேன். ("முதலாளி ஏழாம் நம்பரை ஒளித்து வைத்துக்கொண்டு—") நான்கு வரிக்குமேல் ஓடவில்லை. கஞ்சன் ஒருவனைக் கொண்டுவந்தால் சுப்பண்ணன்மேல் பரிதாபம் வருகிறது, ஆனால் சுப்பண்ணன் காணாமல் போய்விடுகிறார். நீங்கள் எங்கள் பக்கத்தவர் என்றால் விளக்கம் தேவையில்லை. பந்தியில் போதுங்க, போதுங்க என்று இலைமேல் கையை வைத்துவிட்டு, அரை வயிற்றோடு எழுந்து கை கழுவியவர்தானே நீங்களும்.

மறுநாள் ரசாக் அந்த மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, "உங்க மரியாதையைக் கொண்டுபோயி எட்டாம் குழியில பொதைச்சுட்டு வாங்ணா, ஒம்பதாங் குழிக்காச்சும் மனுசனா வந்து சேருங்க" என்றாராம்.

4

கிணத்துக்கடவில் சுப்பண்ணன் குடியிருப்பது பிறத்தியார் தோப்பை ஒட்டி. அங்கே பந்து ஏது? தென்னையடியில் குரும்பை கொட்டிக் கிடந்தது. தேங்காயாக மனமில்லாமல் உதிர்ந்துவிடுகிற பிஞ்சு. பந்தைவிடக் கொஞ்சம் பெரிது, பச்சை. அதை வைத்து அடிக்க ஆரம்பித்தார்.

அயர்னால் அடிப்பதுபோல வெட்டி அடித்தார். மண் பறந்தது, குரும்பை அங்கேயே இருந்தது. வுட்டால் அடிப்பதுபோலப் பெருக்கி அடித்தார். மட்டை குரும்பையின் உச்சந்தலையைத் தடவிவிட்டுப் போயிற்று. அதுவும் நாலடி உருண்டு நின்றது. நாலு நாள் இப்படி. அவர் மனைவி சின்னாத்தாள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அதைய வெச்சுட்டு என்னத்தைப் பண்டறீங்க? களையெடுக்கறதா இருந்தா நம்ம அவரைப் பந்தலுக்குக் கீழே எடுங்க."

ஐந்தாம் நாள் வெயில் சாய்ந்த நேரம். தோப்புக்குள் வெளிச்சம் மோர் மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தது. சின்னாத்தாள் ஏதோ கேட்டாள். உப்பு வாங்கி வந்தீர்களா என்பதுபோல ஒன்று. வாங்கிட்டு வந்துட்டேன் என்று பாதி திரும்பிப் பதில் சொல்லியபடியே அவர் கை போய்விட்டு வந்தது. சத்தமே கேட்கவில்லை என்றார். கையிலும் ஒன்றும் தெரியவில்லை. குரும்பை எழும்பி, தென்னை மட்டைகளுக்கு நடுவே நுழைந்து, அந்தப் பக்கத்து வாய்க்காலையும் தாண்டி, சோளக்காட்டுக்கு மேலே கொஞ்சநேரம் யோசிப்பதுபோல நின்று, இறங்கியது. அது இறங்கிய இடத்திலிருந்து இரண்டு கொக்குகள் எழுந்தன.

"நெனைக்காம அடிச்சாப் போகுதுங்க. நெனைச்சா மண்ணு" என்றார் என்னிடம்.

ஏழாம் நம்பர் எட்டாத இடத்துக்கு இந்தப் பிள்ளைத்தாய்ச்சி வயிறு பந்தை அள்ளிக்கொண்டு போகும் என்பது அன்று அவருக்குப் புரிந்தது. கூடவே, கிட்டத்து வேலைக்கு இது ஆகாது என்பதும். மெல்ல அடித்தாலும் துள்ளி ஓடுகிறது. மணல் வட்டத்தில் என்ன செய்யும் என்பது அதற்கே தெரியாது.

குல்லா சின்னாத்தாளின் வேலை. மகள் புவனாவின் பிள்ளைக்குச் சின்னதாகிப்போனது. இரவல் பொருள், மண்டை நனையாமல் கொண்டுபோங்க என்று கட்டிவிட்டாளாம். அவள் இன்னொன்றும் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது பஸ் கிணத்துக்கடவில் நின்றுவிட்டது.

"நீங்க ஜெயிச்சா ரசாக்கண்ணன் என்ன பண்டுவாருன்னு கேக்கறாங்க."

இடது காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து, மெதுவாக இறங்கினார். "நாளைக்குங்க. காலையில. வாரேனுங்க." மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். மஞ்சள் குல்லா கொஞ்சதூரம் வரை தெரிந்தது. நான் பொள்ளாச்சிக்கு லோடு ஏற்றப் போய்விட்டேன்.

5

இங்கிருந்து என் சரக்கு.

அந்த மைதானத்தை நான் பார்த்ததில்லை. அதனால் அங்கே மூடுபனி போட்டுக்கொள்கிறேன், எனக்கு அது சௌகரியம். பனிக்குள் பைக்காரர்கள் பை இல்லாமல் வருகிறார்கள். தோள் லேசாகி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடக்கிறார்கள். எல்லோர் கையிலும் ஏழாம் நம்பர், ஒருவர் கையில் மட்டும் குல்லா. தரை ஈரம். காலடிச் சத்தம் இல்லை. தூரத்தில் மில் சங்கு ஊதுகிறது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல.

(ஒன்பது குழியையும் ஒவ்வொன்றாக எழுதினேன். நீங்கள் தூங்கிவிடுவீர்கள். எனக்கே தூக்கம் வந்தது. இரண்டை மட்டும் விட்டு வைக்கிறேன்.)

மூன்றாம் குழியில் சுப்பண்ணனின் பந்து கோரைக்குள் மாட்டிக்கொள்கிறது. ஏழாம் நம்பராக இருந்தால் கோரை அதன் கழுத்தைப் பிடித்திருக்கும். இது வயிற்றால் புல்லை விலக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வருகிறது. ஐந்தாம் குழியில் இரண்டு பேருமே மணல் பள்ளத்தில். ரசாக் ஒரே வெட்டில் வெளியே. சுப்பண்ணனுக்கு மூன்று அடி.

கடைசிக் குழிக்கு வரும்போது மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். இவர்கள் இருவரும் சமம். (ஆமாம், நான்தான் சமமாக்கினேன். கதை சொல்கிறவர்கள் செய்கிற வேலை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு குட்டை, மழைத் தண்ணீர் நிறைந்து. இது நான் போட்டது இல்லை. சுப்பண்ணன் பஸ்ஸில் சொன்னது. ஏழாம் நம்பர் அதைத் தாண்டாது. ஆகவே ரசாக் கரையைச் சுற்றி இரண்டு அடியில் மணல் வட்டத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்.

இப்போது சுப்பண்ணன். அவரும் சுற்றிப் போகலாம். போனால் மணலில் உருட்டி முடிக்க வேண்டும், அதில் ஏழாம் நம்பர்தான் கெட்டி. தாண்டி அடித்தால் ஒரே அடி. விழுந்தால் குட்டை. டிக்கிக்கு முன்னால் நின்றபோது வாய் குறுக்கே வந்து காப்பாற்றிவிட்டது. இங்கே உங்கள் இஷ்டமுங்க என்று சொல்ல எதிரே ஆள் இல்லை. தண்ணீர்தான் கிடக்கிறது.

நான் எழுதிய முதல் முடிவு: பந்து பனிக்குள் ஏறி, குட்டையில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டே தாண்டி, மணலில் பொத்தென்று விழுகிறது. ஸ்டூல் சுப்பண்ணனுக்கு. குட்டைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தாயிற்று. மோட்டார் ஓடுகிறது. முட்டியை நீட்டிக்கொண்டு, திறந்த கதவு வழியாகப் புது வட்டத்தில் புல் பச்சை பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதும்போது என் முட்டியும் நீட்டிக்கொண்டது. ஆனால் கதைக்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ரசாக் இரண்டு தோளிலும் பை மாட்டி, அந்த வாசல் வழியாகப் போனார். நின்று, "என்னங்ணா, ஸ்டூலு சௌகரியமா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். மேலே எழுத வரவில்லை.

இரண்டாவது: பந்து குட்டையில். வட்டம் வட்டமாக விரிந்து அடங்குகிறது. ரசாக்குக்கு ஸ்டூல். சுப்பண்ணன் சொல்கிறார், "அதனால என்னங்க." அந்த இரண்டு எழுத்து ங்கவைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டேன். உப்பு வாங்கி வந்தீர்களா என்று கேட்டவளிடம் அவர் போய் என்ன சொல்வார்?

மூன்றாவது: காலை ஒருவர், மாலை ஒருவர், ஸ்டூலைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இதை மத்தியானம் சரக்கு ஓய்ந்த நேரத்தில், கூட மூட்டை தூக்கும் நரசிம்மலுவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் வெங்காய மூட்டைமேல் சாய்ந்தபடி கேட்டான். "ஒரு வேலைக்கு ரெண்டு பேரை எவன் வெப்பான்? ஒருத்தனைய வெச்சு ரெண்டு ஆளு வேலையத்தான் வாங்குவான். நீ தூக்கறது மூட்டை, எழுதறது மட்டும் மேகமா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் சொன்னது சரி. அடித்துவிட்டேன்.

6

நீங்கள் கேட்கலாம்: ரசாக்கின் சந்து உன் மார்க்கெட்டுக்குப் பக்கம்தானே, போய்க் கேட்க வேண்டியதுதானே?

போனேன். சந்து முனையில் டீக்கடை. ரசாக் எனக்கு முதுகு காட்டி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் கிளாஸ். இன்னொரு கை இடுப்பில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் கொஞ்சம் நகர்ந்தால் போதும். அவர் எதைச் சொன்னாலும் பதிலுக்கு நானும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தச் சொல் என்னிடம் இல்லை. மீன் கடைகள் வழியாகத் திரும்பிவிட்டேன்.

ஆகவே கடைசிக் குழியிலேயே அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துவிட்டுப் போகிறேன். அதுவும் அங்கே வழக்கம்தான். மணல் வட்டத்தில் நடந்தால் தடம் விழும், தடத்தில் பந்து உருண்டால் கோணிக்கொண்டு போகும். அதனால் யார் முதலில் போய்ச் சேருகிறார்களோ அவர்கள் பலகையை இழுத்து மணலைச் சமன் செய்ய வேண்டும், பின்னால் வருகிறவரின் பந்துக்காக.

அக்கரையில் பனி கொஞ்சம் விலகுகிறது. ரசாக் ஏழாம் நம்பரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் பலகையை இழுத்து வட்டம் சுற்றுகிறார். அவசரமில்லாமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு. தன் தடத்தையே தான் அழித்துக்கொண்டு பின்னால் வந்து, வெளியே நிற்கிறார்.

"அடிங்ணா. எல்லாஞ் சுத்தமா இருக்குது."

தண்ணீர்மேல் குரல் வந்து சேர்கிறது. இக்கரையில் சுப்பண்ணன் குல்லாவின் முடிச்சை அவிழ்க்கிறார். சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். வெறுந்தலையாக மட்டை ஈரத்தில் பளபளக்கிறது. உப்பு வாங்கி வந்தீர்களா என்று யாராவது கேட்டால் நல்லது. யாரும் கேட்கவில்லை.

மணலில் ஒரு கோடு இல்லை. நான் பேனாவை எடுத்துவிடுகிறேன். மீதி உங்களுடையது.

ஆனால் ஒன்று. ஸ்டூல் ஒன்றுதான். இருவரில் யாரை நீங்கள் உட்கார வைத்தாலும், மற்றவரிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். ரசாக் டீக்கடையில் இருப்பார். சுப்பண்ணன் சாயங்காலப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பார்.

சொல்லும்போது, ங்க போட்டுச் சொல்லுங்க.